மணலிலும் உப்புத் தண்ணீரிலும் ஓடும் மோட்டார் சைக்கிளின் பிறேக்கை எப்படிப் பார்ப்பது?

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களிடம் இருப்பது றோட்டிலும் மண் தடத்திலும் ஓடக்கூடிய பழைய ஜப்பான் டிரெயில் மோட்டார் சைக்கிள். முன்னுக்கு டிஸ்க் பிறேக், பின்னுக்கு டிரம் பிறேக். சனி ஞாயிறுகளில் யாழ்ப்பாணத்து மணற்காடு, நாகர்கோவில் பக்கம் மணலில் ஓடுகிறீர்கள், சில வேளை கடல்நீரேரிக் கரையில் தண்ணீருக்குள்ளும் இறக்குகிறீர்கள். முன் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, ஆனால் சில்லைக் கையால் சுற்றினால் உரசுகிறது. பின் பெடல் ஆழமாக இறங்குகிறது. பின் பிறேக்கின் நட்டை இறுக்கினால் இரண்டு கிழமைக்குச் சரி, பிறகு பழையபடி. மார்கழியில் கூட்டாளிமாரோடு நுவரெலியா போகமுன் இதை எப்படி அட்ஜஸ்ட் பண்ணுவது என்பதுதான் கேள்வி.

நட்டை இப்போதைக்குத் தொடவேண்டாம். நீங்கள் சொல்லும் குறிகளைப் பார்த்தால் இது அட்ஜஸ்ட் பண்ணித் தீரும் பிழை இல்லை. எங்கள் ஊரில் பிறேக் தேய்ந்து கெடுவதைவிட இறுகிக் கெடுவதுதான் கூட. சுற்றவரக் கடல், நடுவில் கடல்நீரேரி. சோளகக் காற்றுத் தொடங்கினால் புழுதியும் உப்பும் சேர்ந்து பறக்கும், மாரி வந்தால் வலிகாமத்துச் செம்பாட்டு மண் களியாகி எல்லா இடுக்கிலும் ஒட்டும். அசைய வேண்டிய சாமான்கள் மெல்ல மெல்ல அசையாமல் போகின்றன. அசையாமல் போனதை இறுக்கினால் பிறேக் பிடிப்பது போலக் கொஞ்ச நாளைக்குத் தெரியும், அவ்வளவுதான். ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் கழற்றிக் கழுவி எல்லாவற்றையும் அசைய விடுவது, அப்புறம் பிறேக் ஒயில் மாற்றுவது, அட்ஜஸ்ட் பண்ணுவது கடைசி வேலை. கராஜில் கொடுத்தாலும் இந்த ஒழுங்கில் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

முன்பக்கத்தை முதலில் பார்ப்போம். லீவர் அமுங்குவதற்குக் காற்று மட்டும் காரணமாக இருந்தால் சில்லு உரசாது. உரசலும் சேர்ந்து வருகிறதென்றால் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பர் இறுகியிருக்கிறது. உங்கள் மாதிரி மோட்டார் சைக்கிள்களில் பிஸ்டன் கலிப்பரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். லீவரைப் பிடித்தால் பிஸ்டன் தன் பக்கத்து பாட்டை, அதாவது உராய்வுக் கட்டையை, டிஸ்கில் அழுத்தும். உடனே கலிப்பர் முழுவதும் இரண்டு கம்பிகளில் வழுக்கி வந்து மறுபக்கத்து பாட்டையும் டிஸ்கோடு சேர்க்கும். அந்தக் கம்பிகள் இறுகினால் கலிப்பர் நேராக வராது, சரிந்து நின்று டிஸ்கை வளைக்கப் பார்க்கும். உங்கள் விரலின் பலத்தில் பாதி அந்த வளைப்பிலேயே போய்விடும், அதுதான் லீவர் அமுங்குவது போலத் தெரிகிறது. கையை விட்டாலும் கலிப்பர் பின்வாங்காது, அதுதான் உரசல். இரண்டு பாட்களையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று தடிப்பாகவும் மற்றது மெல்லியதாகவும், அல்லது ஒரே பாட் ஒரு முனையில் ஆப்பு வடிவில் தேய்ந்தும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கழற்றும் விதத்தைச் சொல்கிறேன். முன்சில்லைத் தாங்கும் ஃபோர்க்கில் கலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்களை எடுங்கள், பிறேக் ஒயில் வரும் ஹோஸைக் கழற்ற வேண்டாம். கலிப்பரை ஹோஸில் தொங்கவும் விடாதீர்கள், ஒரு கம்பியால் மேலே கட்டிவிடுங்கள். பாட்களை எடுத்தபின் கலிப்பரை அதன் தாங்கியிலிருந்து இழுத்துப் பாருங்கள். நல்ல கலிப்பர் இரண்டு விரலால் இழுக்கவே வழுக்கி வரும். உங்களுடையது கொஞ்சம் மல்லுக்கட்டித்தான் வரும் என்று நினைக்கிறேன். வந்ததும் அந்தக் கம்பியைக் கிட்ட வைத்துப் பாருங்கள். றப்பர் உறைக்கு வெளியே நின்ற பகுதியில் கறள் இருக்கும். உறைக்குள் இருந்த பகுதியில், பழைய கிறீஸும் மணலும் சேர்ந்து காய்ந்த மண்ணிறக் கட்டி ஒன்று வளையமாக ஒட்டியிருக்கும். அந்தக் கட்டிதான் உங்கள் பிரச்சினை.

அதை நகத்தாலோ மரக்குச்சியாலோ சுரண்டி எடுத்து, கறள் இருந்தால் மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்த்து மினுக்குங்கள். கம்பி போகும் துளையையும் துணி சுற்றிய குச்சியால் துடையுங்கள். கம்பியில் பள்ளம் விழுந்திருந்தால் புதிது போடுவதுதான் சரி. றப்பர் உறை கிழிந்திருந்தால் கட்டாயம் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கே இந்த வேலையை மறுபடி செய்வீர்கள். பூசுவதற்குச் சிலிக்கோன் கிறீஸ் அல்லது கலிப்பருக்கென்றே விற்கும் கிறீஸ் வேண்டும். பெயரிங்குக்குப் போடும் சாதாரணக் கிறீஸைப் பூசினால் றப்பர் உறை ஊதிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். கராஜ்களில் கைக்குக் கிடைத்த கிறீஸை அள்ளிப் பூசுவதைப் பார்த்திருக்கிறேன். நின்று கவனியுங்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனிப் பிஸ்டன். பாட் இல்லாமல் லீவரை மெதுவாக ஒன்றிரண்டு தரம் அழுத்தினால் பிஸ்டன் ஐந்தாறு மில்லிமீற்றர் வெளியே வரும். அதற்கு மேல் போனால் முழுதாகக் கழன்று விழுந்துவிடும், கவனம். வெளியே வந்த பகுதியைச் சவுக்காரத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் கொண்டு கழுவுங்கள். பிறகு ஒரு நீளத் துணிப் பட்டியைப் பிறேக் ஒயிலில் நனைத்து, பிஸ்டனைச் சுற்றிப் போட்டு இரண்டு முனைகளையும் மாறி மாறி இழுத்துத் தேய்த்தால் பின்பக்கமும் சுத்தமாகும். பெற்றோலும் மண்ணெண்ணெயும் இங்கே கூடவே கூடாது, றப்பரைக் கெடுத்துவிடும். சுத்தமானதும் பிஸ்டனைக் கையால் உள்ளே தள்ளுங்கள். தள்ளும்போது மேலே ஹாண்டிலில் உள்ள ஒயில் கிண்ணத்தில் ஒயில் ஏறி வழியும், முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அந்த ஒயில் பெயின்ற்றைத் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும்.

கையால் தள்ளப் பிஸ்டன் போகவில்லையென்றால் பிழை இன்னும் உள்ளே இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர வடிவ றப்பர் வளையம் இருக்கும். பிஸ்டன் முன்னால் போகும்போது அது கொஞ்சம் முறுகும், லீவரை விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பிப் பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். டிஸ்க் பிறேக் விடுபடுவதே அந்த முறுகலால்தான், வேறு ஸ்பிரிங் எதுவும் கிடையாது. அந்த வளையம் இருக்கும் பள்ளத்தில் உப்புத் தண்ணீர் இறங்கினால் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகும். தூள் சேரச்சேர வளையத்தை உள்ளே தள்ளிப் பிஸ்டனை இறுக்கும். எத்தனை தரம் வெளியே கழுவினாலும் இது போகாது. பிஸ்டனையும் வளையங்களையும் கழற்றி, முனை வளைத்த மெல்லிய கம்பியால் அந்தப் பள்ளத்தைச் சுரண்டி எடுத்து, புதிய வளையம் போடவேண்டும். கடற்கரைப் பக்கம் கிடந்து வந்த பழைய கலிப்பர்களில் இது மிகவும் கூடுதலாக இருக்கிறது. லீவரை அழுத்தும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் புதிது, ஹோஸ் புதிது என்று காசைக் கொட்டமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஹோஸைப் பற்றியும் ஒரு சொல். தொண்ணூறுகளில் வந்த மோட்டார் சைக்கிளில் அன்றைய ஹோஸே இன்றும் இருந்தால் அது தன் வேலையை முடித்துக் கனகாலம். நாலு வருடத்துக்கு ஒரு தரம் மாற்று என்றுதான் பல கம்பனிகளின் கையேட்டில் இருக்கும். வெளியே நல்லாகத் தெரியும், உள்ளே சுவர் ஊதி வழி குறுகியிருக்கும். நீங்கள் அழுத்தும்போது ஒயில் போகும், விட்டபின் திரும்பி வராது, பிறேக் பிடித்தபடியே நிற்கும். சில்லு இறுகி நிற்கும்போது கலிப்பரின் நிப்பிளை, அதாவது காற்றையும் ஒயிலையும் வெளியே விடும் சின்னத் திருகை, கொஞ்சம் திறந்து பாருங்கள். ஒயில் சீறி வந்து சில்லு விடுபட்டால் கலிப்பரில் பிழை இல்லை, மேலே ஹோஸிலோ மாஸ்டர் சிலிண்டரிலோதான். சவுக்கங்காட்டுக்குள்ளும் பனங்கூடல்களுக்குள்ளும் ஓடுபவர்கள் ஹோஸ் ஃபோர்க்கோடு ஒட்டிப் போகிறதா என்றும் பார்க்கவேண்டும். காவோலை மட்டை ஒன்று கொழுவி இழுத்தால் போதும்.

பாட் விஷயத்தில் நான் உறுதியாக ஒன்றைச் சொல்வேன்: மணலிலும் சேற்றிலும் ஓடுகிறவர்கள் உலோகத்தூள் சேர்த்துச் சூட்டில் இறுக்கிச் செய்த, சின்ரேட் என்று விற்கும் பாட்களையே வாங்குங்கள். விலை கூட, டிஸ்கையும் கொஞ்சம் கூடத் தேய்க்கும். ஆனால் சாதாரண பாட்கள் நனைந்த மணலில் மிகக் கெதியாகக் கரையும். றோட்டில் வருடக்கணக்கில் ஓடியவை ஒரே மாரியில் முடிந்துபோவது எங்களுக்குப் புதிதல்ல. உராய்வுப் பகுதி ஒரு மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மாற்றவேண்டும், அதற்கு மேல் பொறுக்க வேண்டாம். டிஸ்கின் ஆகக் குறைந்த தடிப்பு டிஸ்கிலேயே அடித்திருக்கும், தடிப்பு அளக்கும் வேர்னியர் அளவுகோலால் அளந்து பாருங்கள். புதிய பாட் போட்ட அன்றே மணலுக்குக் கொண்டு போகாதீர்கள். றோட்டில் 40, 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து இருபது முப்பது தரம் நடுத்தரமாகப் பிடித்து விட்டு, இடையிடையே ஆறவிட்டு, டிஸ்கோடு படிய விடுங்கள்.

ஃபோர்க்கின் ஒயில் சீல் கசிகிறதா என்றும் பாருங்கள். மணல் அந்தச் சீலைத்தான் முதலில் பதம் பார்க்கும், கசியும் ஒயில் நேரே கலிப்பரில் விழும். ஒயில் குடித்த பாட்களை நெருப்பில் காட்டி எரித்தால் சரிவரும் என்பார்கள், நம்பவேண்டாம். எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். சேர்விஸ் பண்ணும் சில இடங்களில், கழுவி முடிந்ததும் மினுங்கட்டும் என்று மண்ணெண்ணெய் கலந்த ஒயிலைக் கீழ்ப்பக்கம் எல்லாம் விசிறுவார்கள். சில்லுப் பக்கம் வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள். சேர்விஸ் முடித்துக்கொண்டு வந்த பின்னேரமே பிறேக் வழுக்குகிறது என்று வருகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

கலிப்பர் சரியாக அசையத் தொடங்கியபின் பிறேக் ஒயில். இது கிளைகோல் வகைத் திரவம், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 4 (DOT 4) தர ஒயில் 230 பாகை செல்சியஸுக்குக் குறையாமல்தான் கொதிக்கவேண்டும் என்பது தரம். அதற்குள் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 3 என்றால் 205, 140. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றச் சொல்லுவார்கள். எங்கள் காற்றின் ஈரத்துக்கும் நீங்கள் தண்ணீருக்குள் இறங்குவதற்கும் வருடம் ஒரு தரம் மாற்றுங்கள், மாரி முடிந்த கையோடு செய்தால் நல்லது. எந்த வகை என்று கிண்ணத்து மூடியிலேயே அடித்திருக்கும். டொட் 3, டொட் 4, டொட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டொட் 5 சிலிக்கோன் வகை, அதை இவற்றோடு கலக்கக் கூடாது. எஞ்சின் ஒயில் கொஞ்சம் ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு துளியும் ஊற்றவேண்டாம், உள்ளே இருக்கும் றப்பர் எல்லாம் ஊதிப்போகும், பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கலிப்பர் வரை மாற்றவேண்டி வரும். சின்னப் போத்தலாக வாங்குங்கள். திறந்து மாதக்கணக்கில் வைத்த போத்தல் தானாகவே ஈரம் குடித்திருக்கும்.

காற்று எடுப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: நிப்பிளில் தெளிந்த குழாய், குழாயின் மறுமுனை கொஞ்சம் ஒயில் உள்ள போத்தலுக்குள், லீவரை அழுத்திப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, அதன்பிறகே லீவரை விடு. கிண்ணம் வற்றவே கூடாது. இவ்வளவு செய்தும் லீவர் இறுகாவிட்டால் காற்று கலிப்பரில் இல்லை, மேலே மாஸ்டர் சிலிண்டரும் ஹோஸும் சேரும் இடத்தில் நிற்கிறது. ஹாண்டிலைத் திருப்பி அந்த இடம் கிண்ணத்தைவிடத் தாழ்வாக வரும்படி மோட்டார் சைக்கிளைச் சரித்து, லீவரைச் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். கிண்ணத்துக்குள் குமிழிகள் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். இரவில் லீவரை றப்பர் பட்டியால் ஹாண்டிலோடு இழுத்துக் கட்டிவிட்டுக் காலையில் பார்த்தாலும் பல வேளை நல்ல முன்னேற்றம் இருக்கும். அப்படிக் கட்டிய பிறகு கிண்ணத்து மூடியை உடனே திறந்துகொண்டு லீவரை வேகமாக விடாதீர்கள், ஒயில் மேலே சீறும்.

இனிப் பின் டிரம். இறுக்கினால் இரண்டு கிழமை, பிறகு பழையபடி என்றீர்கள். சில்லைக் கழற்றிப் பிறேக் தட்டை வெளியே எடுங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊத வேண்டாம், காற்றுக் குழாயாலும் அடிக்க வேண்டாம். டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும் பழைய பிறேக் சூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். டிரம்முக்குள் மணல் அரைத்த கோடுகள் இருக்கும், சூக்களின் முகம் கண்ணாடி மாதிரிப் பளபளத்திருக்கும். தடிப்பு போதுமென்றால் தட்டையான பலகையில் சாண்ட் பேப்பரை வைத்து, தூசி பறக்காதபடி ஈரமாக முகத்தைத் தேய்த்துப் பளபளப்பை எடுத்தால் போதும். உராய்வுப் பகுதி 2 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்திருந்தால் புதிது போடுங்கள். டிரம்மின் ஆகக் கூடிய உள்விட்டமும் உள்ளே அடித்திருக்கும், 110 மில்லிமீற்றர் டிரம் என்றால் பெரும்பாலும் 111. அதற்கு மேல் தேய்ந்த டிரம்மில் எந்தச் சூ போட்டும் பயன் இல்லை.

டிரம் பிறேக்கில் ஆகக் கூடுதலாகக் கைவிடப்படுவது அந்தச் சூக்களை விரிக்கும் தண்டுதான். வெளியே கை என்று சொல்லும் சிறு நெம்புகோலும், உள்ளே தட்டையான கட்டையுமாக இருக்கும் அது. தட்டுக்குள் கிறீஸ் வற்றி உப்பு ஏறினால் தண்டு இறுகும். காலை எடுத்தபின்னும் பெடல் மெதுவாகத்தான் மேலே வரும். நட்டை இறுக்குகிறவர் சூவை இல்லாத இடத்துக்கு இழுக்கிறார், தண்டு திரும்பி வராததால் சூ எந்நேரமும் உரசித் தேய்கிறது, இரண்டு கிழமையில் பெடல் மறுபடி ஆழமாகிறது. உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். தண்டை வெளியே தட்டி எடுத்து, கறளைத் தேய்த்து, சூடு தாங்கும் கிறீஸை மெல்லிய படலமாகப் பூசிப் போடுங்கள். கூடப் பூசினால் சூட்டில் உருகிச் சூவில் வடியும். இழுவை ஸ்பிரிங்குகளில் கறள் ஏறியிருந்தால் சூவோடு சேர்த்து மாற்றுங்கள்.

இங்கே ஒரு பிழையான வேலை ஊரில் நடக்கிறது, அதை அழுத்திச் சொல்லியே ஆகவேண்டும். சூ தேய்ந்து நட்டு முடியும் வரை வந்துவிட்டால், வெளிக் கையைக் கழற்றிப் பல்லில் ஒன்று தள்ளிப் போட்டுவிடுவார்கள். பெடல் மேலே வந்துவிடும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். ஆனால் தண்டிலும் கையிலும் ஒன்றுக்கொன்று நேராக வரவேண்டிய புள்ளி அடையாளம் இருப்பது இதைத் தடுக்கத்தான். தேய்ந்த சூவோடு கையைத் தள்ளிப் போட்டால் உள்ளே கட்டை அளவுக்கு மேல் சுழன்று நிமிர்ந்து நின்றுவிடக் கூடும். அப்படி நின்றால் பின்சில்லு பிடித்தபடி நிற்கும், ஓட்டத்திலேயே. கையில் அம்புக்குறி ஒன்றும் தட்டில் ஒரு கோடும் இருந்தால், பெடலை மிதித்தபடி பாருங்கள். அம்பு கோட்டைத் தொட்டால் சூவின் காலம் முடிந்தது. மிதிக்கும்போது கைக்கும் பெடலிலிருந்து வரும் இழுகம்பிக்கும் இடையே உள்ள கோணம் 90 பாகையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் எவ்வளவு மிதித்தாலும் பலம் ஏறாது.

தட்டிலிருந்து, பின்சில்லைத் தாங்கும் பின் கவைக்குப் போகும் நீளக் கம்பியையும் அதன் போல்ட்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள். தட்டு சில்லோடு சேர்ந்து சுழலாமல் பிடித்து நிற்பது அந்த ஒரு கம்பிதான். கால் விரித்து மடிக்கும் ஊசி (ஸ்பிளிட் பின்) போட்டுப் பூட்டியிருக்கவேண்டும். அந்த ஊசி ஒரு பெரிய காசும் இல்லை, ஒவ்வொரு தரம் சில்லைக் கழற்றும்போதும் புதிது போடுங்கள்.

இவ்வளவும் முடிந்தால்தான் அட்ஜஸ்ட் பண்ணும் வேலைக்கு வருகிறோம், அது பத்து நிமிட வேலை. முதலில் சங்கிலியின் தொய்வைச் சரிபார்த்து சில்லை இறுக்குங்கள். சில்லு பின்னுக்குப் போனால் பிறேக்கின் இழுகம்பியும் இறுகிவிடும், ஆகவே சங்கிலிக்குப் பிறகே பிறேக். பெடல் நுனி 20 முதல் 30 மில்லிமீற்றர் இறங்கியதும் சூ தொடத் தொடங்கவேண்டும். இதை மோட்டார் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பார்த்தால் மட்டும் போதாது. டிரெயில் மோட்டார் சைக்கிளின் பின் சொக் நீளமாக அமுங்கும், அமுங்கும்போது கவை மேலே ஏறி இழுகம்பியின் நிலை மாறும். ஒருவர் மேலே ஏறி உட்கார, இன்னொருவர் குனிந்து பெடலைக் கையால் அமுக்கிப் பார்க்கவேண்டும். உட்கார்ந்ததும் அந்த விளையாட்டு, அதாவது பிறேக் தொடமுன் உள்ள வெற்று அசைவு, முழுதாக மறைந்துவிட்டால், மணல் மேட்டில் ஒவ்வொரு தடவை அமுங்கும்போதும் பிறேக் தானாகப் பிடிக்கும். அப்போது அரைச் சுற்றுத் தளர்த்துங்கள்.

பெடலின் உயரமும் முக்கியம். எழுந்து நின்று ஓடும்போது சப்பாத்தின் முனை பெடலில் படியக் கூடாது. கால்மிதியின் மேற்பரப்புக்குச் சமமாகவோ கொஞ்சம் கீழேயோ வைத்துப் பார்த்து, உங்கள் காலுக்கு ஏற்ற இடத்தை முடிவு செய்யுங்கள். பின்னுக்கும் டிஸ்க் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கூடக் கவனிக்கவேண்டும். அங்கே பெடலின் உயரத்தை மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியால்தான் மாற்றுவது. கம்பிக்குச் சிறிதும் விளையாட்டு இல்லாமல் இறுக்கினால், உள்ளே ஒயில் கிண்ணத்துக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியபடியே இருக்கும். ஓடச் சூடேறி ஒயில் விரியும், போக இடமில்லாமல் பிறேக்கைத் தானே பிடிக்கும், அதனால் இன்னும் சூடேறும். பின் டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தால் காரணம் இதுவோ, பெடலில் படிந்திருக்கும் காலோ என்று பாருங்கள். முன் லீவரிலும் இதே துளை உண்டு. பொருந்தாத லீவரை வாங்கிப் போட்டால் இதே கூத்து.

லீவர், நின்று ஓடும்போது முன்கை நீளும் திசையிலேயே இருக்கட்டும், மணிக்கட்டை மடிக்காமல் இரண்டு விரல் எட்டவேண்டும். அதன் பூட்டை ஹாண்டிலில் அளவுக்கு மேல் இறுக்காதீர்கள். குழாய் வேலைக்காரர் நூல் மரையில் சுற்றும் வெள்ளை ரேப்பைப் பூட்டுக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி, விழுந்தால் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்கினால் லீவர் முறியாமல் தப்பும். மணலில் விழாமல் யாரும் பழகியதில்லை.

மணலில் முன் பிறேக்கைப் பலமாகப் பிடித்தால் சில்லு புதைந்து ஹாண்டில் மடங்கும். பெரும்பாலும் அக்சிலேற்றரை விட்டாலே மணல் உங்களை நிறுத்திவிடும். மணற்காட்டில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் தேவாலயப் பக்கம் போகிறவர்கள் இருக்கும் தடத்திலேயே ஓடுங்கள், மேடுகளில் ஏறிச் செடிகொடியை உழக்க வேண்டாம். அந்த மேடுகள் கடலைத் தடுத்து நிற்கின்றன. தண்ணீரிலிருந்து ஏறியதும் டிரம் கொஞ்ச நேரம் பிடிக்காது. மெதுவாக ஓடியபடி பெடலை இலேசாக மிதித்துக்கொண்டு போனால் காய்ந்து பிடிப்பு வரும். அது வரும்வரை குச்சொழுங்கைக்குள் திரும்பாதீர்கள். வீட்டுக்கு வந்த அன்றே நன்னீர் ஊற்றிக் கழுவுங்கள், உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் இருந்த உப்போடு இன்னும் உப்பு சேரும். அழுத்தமாக நீர் அடிக்கும் குழாயைக் கலிப்பரின் றப்பர் பக்கமும் டிரம்மின் விளிம்புப் பக்கமும் பிடிக்காதீர்கள், மணலை உள்ளே ஓட்டிவிடும். வாளித் தண்ணீரும் பிரஷும் போதும். கழுவியபின் பத்து நிமிடம் ஓடிப் பிறேக் பிடித்துக் காயவைத்த பிறகே நிறுத்துங்கள். உப்புத் தண்ணீருக்குள் இறங்கிய கிழமையே டிரம்மையும் ஒரு தரம் திறந்து துடைத்துவிடவேண்டும்.

கடைசியாக நுவரெலியா. யாழ்ப்பாணத்தில் இறக்கம் என்று ஒன்று கிடையாது, அதனால் பழைய ஒயில் எவ்வளவு கெட்டிருந்தாலும் இங்கே ஓடும்போது தெரியவராது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது பிறேக்குக்கு ஆறுதலே இல்லை. ஈரம் குடித்த ஒயில் கலிப்பரில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், லீவர் ஹாண்டில்வரை வந்துவிடும். புறப்பட இரண்டு கிழமை முந்தியே மேலே சொன்னதெல்லாம் முடித்து, ஒயிலையும் மாற்றி, இங்கே ஓடிப் பாருங்கள். போகிற அன்று காலையில் பிறேக் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டு எஞ்சினே பிடிக்க விடுங்கள். பிறேக்கை எந்நேரமும் இலேசாகப் பிடித்தபடி இறங்காமல், வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, முழுதாக விடுங்கள். லீவர் அமுங்குவது போலத் தெரிந்தால் அடுத்த அகலமான இடத்திலேயே நிறுத்துங்கள். டிஸ்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வளைந்துவிடும். தேத்தண்ணி குடித்துவிட்டு, டிஸ்குக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோனால் வெக்கை தெரியாத அளவுக்கு ஆறியபின், லீவர் பழையபடி இறுகியிருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டு இறங்குங்கள். இறுகாவிட்டால் அதற்கு மேல் ஓட்டவேண்டாம், கூட்டாளிமாரிடம் சொல்லி லொறி ஒன்று பிடியுங்கள்.